யாராவது தேடினார்களா?

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். பட்டவளுக்குத் தெரியும். இன்றைக்கும் அவள் வீட்டு உள்ளறைகளில் ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. ஆள் வைத்துக் கழற்றிப் போட்டுவிட்டாள்.

பதிப்பகத்தில் முகத்துக்கு நேரே அவளை அக்கா என்பார்கள். அந்தப் பக்கம் போனதும் கத்திரி. நாவல்களைத் திருத்திக் குறைப்பது அவள் வேலை. எந்தத் துணைப்பாத்திரம் கதைக்குத் தேவை, எது வெறும் சுமை என்று கண்டுபிடிக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. அந்தப் பாத்திரம் வருகிற வரிகளையெல்லாம் அடித்துவிடுவாள். மிச்சத்தை ஆபீசில் இரண்டு பேரிடம் படிக்கக் கொடுப்பாள். இங்கே யாரோ விட்டுப்போன மாதிரி இருக்கிறதே என்று அவர்கள் தேடினால் பாத்திரம் பிழைத்தது. தேடாவிட்டால் போய்ச் சேர வேண்டியதுதான். இப்படி அவள் கையால் போன மாமாக்கள், தோழிகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எத்தனையோ பேர். அதற்காக ஒரு நாளும் அவளுக்குத் தூக்கம் கெட்டதில்லை.

அன்றைக்கு அவள் போனது வயதான ஒரு எழுத்தாளரின் வீட்டுக்கு. மத்தியானம், மண்டையைப் பிளக்கிற வெயில். அவருடைய நாவலில் கதாநாயகனுக்கு ஒரு அக்கா. கணவனை இழந்து, தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். கதவு திறப்பாள், தண்ணீர் கொடுப்பாள், உள்ளே போய்விடுவாள். நாவல் முழுக்க அவ்வளவுதான். கத்திரி அவளை அடித்துப் பார்த்தாயிற்று. ஆபீசில் ஒருத்தரும் தேடவில்லை. அதைச் சொல்லி எழுத்தாளரைச் சம்மதிக்க வைக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தது.

மணி அடித்தாள். ஒரு அம்மாள் கதவைத் திறந்தாள். சாயம் போன புடவை. வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. வழி விட்டு ஒதுங்கி நின்றாள்.

எழுத்தாளர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மனிதருக்கு முகம் செத்துப்போய்விட்டது. அக்காவை எடுத்தால் தனக்குப் புத்தகமே வேண்டாம் என்றார். அது தன் சொந்த அக்கா, அவள் இருந்ததற்கு உலகத்தில் வேறு அடையாளமே இல்லை என்றார். கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். கத்திரி மசிகிற ஆளா?

"சார், அவங்க இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். படிச்சவங்க யாராவது தேடினாங்களா? தேடலயே."

சொல்லி வாய் மூடவில்லை... பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் இருந்தது. அந்த அம்மாள் எப்போது வந்தாள்? காலடிச் சத்தமே இல்லை. வைத்துவிட்டுத் திரும்பும்போது அவள் கையைக் கத்திரி பார்த்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. இரண்டு விரல்களில் நகமே இல்லை. துணி துவைத்துத் துவைத்து இப்படி ஆகிவிட்டது போல, பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

எழுத்தாளர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சம்மதம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் எழுந்தார். வெளியூரில் ஒரு கூட்டம், காலையில்தான் வருவேன், போகும்போது கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டுப் பையோடு கிளம்பிவிட்டார்.

முகம் கழுவிக்கொண்டு புறப்படலாம் என்று கத்திரி எழுந்தாள். கைப்பையும் போனும் மேசை மேலேயே இருந்தன. அந்த அம்மாள் உள்ளே போகும் வழியில் நின்றிருந்தாள். பாத்ரூம் எங்கே என்று கேட்டதற்குக் கையை நீட்டினாள். கடைசி அறை.

உள்ளே ஜன்னல் இல்லை. உடைந்த நாற்காலிகள், கிழிந்த மெத்தை, தூசி. இது பாத்ரூம் இல்லையே என்று திரும்பினாள்.

கதவு மூடியது.

டக்.

வெளிப்பக்கம் தாழ்ப்பாள்.

முதலில் கோபம்தான் வந்தது. தட்டினாள். தொண்டை கட்டும்வரை கத்தினாள். பிறகு தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டாள். எங்கே போயிருக்கிறாள் என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் தேடுவார்கள். அங்கே விட்டுவிட்டாலும் வீட்டில் தேடுவார்கள். புருஷன் போன் பண்ணாமல் இருப்பானா? மகள்தான் சும்மா விடுவாளா? போன் அடித்தால் இங்கே கேட்கும். கதவில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கதவிடுக்கு வெளிச்சம் மங்கியது. அப்புறம் அதுவும் போய்விட்டது.

போன் அடிக்கவில்லை.

இருட்டில் கதவைத் தடவினாள். பள்ளம் பள்ளமாகத் தட்டுப்பட்டது. கீறல்கள்... நீள நீளமாக... அவள் விரல்கள் அதில் சரியாகப் பொருந்தின.

கையை உதறிக்கொண்டாள்.

போன் அடிக்கவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டார்கள். மூச்சிரைப்பு நோய்க்காரர்கள் விடுவது போல. இழுத்து... இழுத்து...

பிறகு அது நகர்ந்தது.

வாசல் கதவு திறந்தது.

மூடியது.

யாரோ வெளியே போனார்கள்.

காலையில் எழுத்தாளர்தான் வந்து திறந்தார். உங்கள் வீட்டு அம்மாள் என்னை வைத்துப் பூட்டிவிட்டாள் என்று கத்திரி குழந்தை மாதிரி அழுதாள். இந்த வீட்டில் தன்னைத் தவிர யாருமே இல்லை என்றார் அவர். சொன்னவர் அந்தக் கதவைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய அக்கா செத்தது அந்த அறையில்தானாம். வீடு நிறைய விருந்தாளிகள், பாட்டும் கூத்துமாக இருந்த சமயம். பாய் எடுக்க உள்ளே போனவளை, ஆள் இருப்பது தெரியாமல் யாரோ வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். அவளுக்கு மூச்சிரைப்பு வேறு.

"தட்டித்தான் இருப்பா. அந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? மூணாம் நாள் யாரும் தண்ணி கொண்டு வரலன்னுதான், அவ எங்கேன்னே கேட்டோம்."

கத்திரி போனை எடுத்துப் பார்த்தாள். ஒரு அழைப்பும் இல்லை. ஆபீசிலிருந்து இல்லை, கட்டினவனிடமிருந்து இல்லை, பெற்ற மகளிடமிருந்தும் இல்லை. பயமெல்லாம் போய் வயிறு எரிந்தது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று வீட்டுக்குப் போனாள்.

புருஷன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"ராத்திரி பூரா நான் வீட்டுக்கு வரல. எங்க போனாளோன்னு தேடினீங்களா?"

அவன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சிரித்தான். "காலங்காத்தால என்ன விளையாட்டு? நேத்து நீதானே கதவத் திறந்தே. தண்ணி குடுத்தே. உள்ள போய்ட்டே."

அவள் அவனுக்கு நேரே வந்து நின்றாள்.

"முகத்தப் பாத்தீங்களா?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

"பாக்கணும்னு தோணல."

மகள் தலை வாரிக்கொண்டிருந்தாள். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நேத்து மாதிரியே இரும்மா. நல்லாருந்துச்சு."