கண்ணைப் பார்க்க வேண்டாம் என்றவர்

தாம்பரம் நடைமேடையில் ரயில் சத்தம் தாங்காமல் என் ஏழு வயது மகள் அலறினாள். தூக்கப் போன என்னை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

"இவர் உன் அப்பாவா? என் கண்ணைப் பாத்து சொல்லு பாப்பா," என்றார் அவர்களில் ஒருவர்.

ஆட்டிசம் உள்ள அவள் யார் கண்ணையும் பார்க்க மாட்டாள். தரையையே பார்த்தாள்.

"புள்ள புடிக்கிறவன்டா!" என்றது ஒரு குரல். என் சட்டை கிழிந்தது.

நரைத்த தலையுடன் ஒரு பெண் காவலர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பருத்த உடம்பு. மூச்சுவாங்கத் தரையில், மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"கண்ணைப் பாக்க வேணாம்மா. தொப்பியைப் பாரு. இவர் யாரு?"

அதன் விளிம்பை விரலால் தடவி, "அப்பா," என்றாள் தொப்பியைப் பார்த்தபடி.

பிடித்திருந்த கைகள் விலகின. காவலர் என்னிடம் மெல்லக் கேட்டார்: "வூட்லயும் கண்ணைப் பாருன்னு கட்டாயப்படுத்துறீங்களா சார்?"

தினமும் அவள் மோவாயைப் பிடித்துத் திருப்புகிறவன் நான். நானும் தொப்பியையே பார்த்தேன். அவரும் வற்புறுத்தாமல் எழுந்து போய்விட்டார்.