அவர் அழித்த முகவரி

யுத்தம் முடிந்துகொண்டிருந்த அந்த வைகாசியில், வன்னியில் அகப்பட்டிருந்தவர்களின் பெயர்களை உலகம் அறியட்டும் என்று டென்மார்க்கின் ஹேர்னிங் நகரிலிருந்து நாங்கள் ஆயிரக்கணக்கானோருக்கு மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் எல்லாம் திரும்பி வந்தன. மின்னஞ்சல் நிறுவனங்கள் எங்கள் முகவரியைக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டன.

அதே நாட்டில் கோல்டிங் நகரில் கணினி வேலை செய்த ஒருவர் உதவிக்கு வந்தார். மெலிந்த மனிதர். எதையும் வாசிக்கமுன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார்.

"இல்லாத முகவரியளுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பினா, குப்பைக் கடிதம் அனுப்புற ஆக்கள் எண்டுதான் நினைப்பாங்கள். முதல்ல அதுகளை அழிப்பம். பிறகு தடையை எடுக்கச் சொல்லி எழுதுவம்."

ஒவ்வொன்றாக அழித்தார். ஏற்கெனவே விழுந்துவிட்ட கிளிநொச்சியின் அலுவலக முகவரி ஒன்றில் அவர் விரல் நின்றுவிட்டது.

"ஆரண்ணை அது?"

"என்ரை தங்கச்சி. அங்கைதான் வேலை செய்தவள்."

"அதை மட்டும் விடுங்கோ அண்ணை."

"விட்டா மற்ற ஆக்களின்ரை பேரும் போய்ச் சேராது."

அழித்தார்.

அன்றே தடையை எடுக்கச் சொல்லி எழுதினோம். அடுத்த நாள் மத்தியானம் அவர் வந்திருந்தபோதே தடை நீங்கியது. சிறுசிறு தொகுதிகளாக அனுப்பினோம். ஒன்றும் திரும்பி வரவில்லை. எவரிடமிருந்தும் பதிலும் வரவில்லை.

அவர் விடைபெற்றுப் போய்க் காரில் ஏறினார். நெடுநேரம் காரை எடுக்கவில்லை. நான் யன்னலால் பார்த்தபடி நின்றேன். இறங்கிப் போய் ஒரு வார்த்தை கதைத்திருக்கலாம். ஏன் போகவில்லை என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.