ரத்தப் பெட்டியும் மல்லிகை வாசமும்

மூன்றாவது தடவையும் ரிப்போர்ட் அப்படியேதான் வந்தது. கோட்டயத்து டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார். "மருந்து முடக்கியோ?" என்று மலையாளத்தில் கேட்டார். சாப்பிடாமல் விட்டாயா என்கிறார். ஒரு வேளைகூட விடவில்லை என்றேன். தலையாட்டினார். நம்பாதவர்கள் எப்படித் தலையாட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு லூப்பஸ். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரன் வீட்டு ஆளையே பிடித்து அடிக்கிற நோய். வெயில் பட்டால் முகம் தடிக்கும், குளிர் பட்டால் விரல் வெளுத்து மரத்துப்போகும். தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளை ஃபேக்டரிக்குள் மாற்றினார்கள். நிழலில் வேலை வாங்க நல்ல நோயாகப் பார்த்துப் பிடித்தாள் என்று எங்கள் லயத்து வீடுகளில் பேச்சு. பேசுகிறவர்கள் வாயை அடைக்க முடியுமா? அதெல்லாம் பழகிவிட்டது.

பழகாதது இந்த ரிப்போர்ட்தான். ரத்தத்திலிருக்கும் காவல் புரதங்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கிற சோதனை அது. மூன்று முறையும் அவை ஏறக்குறையச் செத்துக் கிடப்பதாக வந்தது. நோய் உள்ளே முற்றுகிறது, சிறுநீரகத்தைப் பிடிப்பதற்குள் பெரிய ஊசி போட வேண்டும் என்றார் டாக்டரம்மா. அந்த ஊசி போட்டால் அப்புறம் பிள்ளை உண்டாவது உறுதியில்லை என்றும் சொன்னார். நோய் அடங்கட்டும், பிறகு பெற்றுக்கொள்ளலாம் என்று கல்யாணமான நாளிலிருந்து தள்ளிப்போட்டவர்கள் நாங்கள். கடைசியாக இன்னொரு தடவை ரத்தம் அனுப்பச் சொன்னார். அதுவும் அப்படியே வந்தால் ஊசி.

ஆனால் எனக்கு மூட்டுவலி இல்லை. முகத்தில் தடிப்பு இல்லை. நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கினேன். உடம்பு ஒன்று சொல்கிறது, காகிதம் வேறொன்று சொல்கிறது. யாரோ பொய் சொல்கிறார்கள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

முதலில் வண்டிப்பெரியாரில் ரத்தம் எடுக்கிற சேச்சியைச் சந்தேகப்பட்டேன். குழாயை மாற்றிவிடுகிறாளோ? ஒட்டுகிற பெயரை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். அவள் முகம் சுளித்தாலும் வாசித்தாள். பெயர் என்னுடையதுதான்.

அடுத்து என் வீட்டுக்காரர். ஒருநாள் நான் குளித்துவிட்டு வரும்போது என் குளிகை டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு எண்ணிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மளமளவென்று அள்ளிப்போட்டார். அப்படியானால் இவரும் என்னை நம்பவில்லை.

அதோடு போகவில்லை. என் பழுப்பு ஸ்வெட்டர் ரத்தம் கொடுக்கிற நாளிலெல்லாம் காணாமல்போகும். ராத்திரி அவரோடு திரும்பி வரும். வரும்போது அதில் மல்லிகைப்பூவும் ஊதுபத்தியும் மணக்கும். எங்கள் ஜெபசபையில் பூவும் கிடையாது, பத்தியும் கிடையாது. நான் தலையில் பூ வைக்கிறவளும் இல்லை. என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்கிறவள் எவள்? பிள்ளை பெறமுடியாதவளை விட்டுவிட ஏற்பாடு நடக்கிறதோ என்றுகூட நினைத்தேன். நினைத்து அழவும் செய்தேன்.

நாலாவது ரிப்போர்ட்டுக்கு ரத்தம் கொடுத்தபின் நான் ஃபேக்டரிக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் குடையை முகத்துக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஜீப் ஓட்டுகிறவர், பஸ்காரர்கள் எல்லோரும் சிநேகம். கோட்டயத்து லேப் வண்டிக்கு மதியம்வரை காத்திருக்க வேண்டாமென்று, காலை பஸ்ஸில் பெட்டியைக் கொடுத்தனுப்புவது அவர்தான். வந்தார். கையில் தெர்மாகோல் பெட்டி, அக்குளில் என் ஸ்வெட்டர்.

பெட்டியைத் திறந்து ஐஸ் பைகளை எடுத்து ஓடையில் வீசினார். குழாயை ஸ்வெட்டரில் பச்சைப்பிள்ளையைப்போலப் பொதிந்து உள்ளே வைத்து மூடினார். பஸ் டிரைவர் வாங்கி, தன் பக்கத்திலிருக்கும் இன்ஜின் மூடியின்மேல் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். படத்துக்கு மல்லிகைச் சரம், ஊதுபத்தி. டிரைவர்கள் மதியச் சோறு ஆறாமலிருக்கத் தூக்குவாளியை வைக்கிற இடம் அது. ராத்திரி காலிப் பெட்டியும் ஸ்வெட்டரும் அதே பஸ்ஸில்தான் திரும்பி வரும்போல.

குடையை மடக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன்.

"ஐஸை எதுக்கு எடுத்தீக?"

அவர் திடுக்கிட்டார். "நீ வேலைக்குப் போகல?"

"எதுக்கு எடுத்தீகன்னு கேக்கேன்."

"மொதமொத அனுப்புனப்போ ரிப்போர்ட்டே வராம, ஐஸுல ஒட்டி ரத்தம் ஒடைஞ்சிபோச்சுன்னு திருப்பி விட்டாங்கல்ல? ஒனக்குக் குளிரு ஆகாது. ஒன் ரத்தத்துக்கு மட்டும் ஆகுமாக்கும்?"

பஸ் கிளம்பிப்போனது.

அடுத்த வாரம் கோட்டயத்துக்கே போய் அங்கேயே ரத்தம் கொடுத்தேன். ரத்தம் கட்டியானதும் மெஷினில் சுழற்றி, மேலே தெளிந்த நீரை மட்டும் பிரித்துக் குளிரில் உறையவைத்தார்கள். அதுவரை நான் லேப் ஜன்னலைவிட்டு நகரவில்லை. ரிப்போர்ட் வந்தது. "குழப்பம் ஒண்ணும் இல்லா," என்றார் டாக்டரம்மா. கோளாறு ஏதுமில்லை என்கிறார். ஊசிச் சீட்டைக் குறுக்கே அடித்தார். பிறகு, முன்னால் அனுப்பிய ரத்தத்துக்கு வழியில் என்ன நடந்தது என்று கேட்டார். பஸ் தாமதம் என்று சொல்லி மூடிவிடலாமென்று நான் வாயெடுப்பதற்குள் கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"நாந்தான் டாக்டரே. சூடா வச்சு அனுப்புனேன்."

சூட்டில் அந்தப் புரதங்கள் குழாயிலேயே செத்துவிடும் என்று டாக்டரம்மா விளக்கினார். வீட்டுக்காரர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் பரிதாபமும் கோபமும் சேர்ந்தே வந்தது.

திரும்புகிற பஸ்ஸில் கேட்டார். "அன்னைக்கு எதுக்கு எம் பின்னால வந்த?"

"ஸ்வெட்டர்ல மல்லியப்பூ வாசம் அடிச்சது."

புரிய அவருக்குக் கொஞ்ச நேரமாயிற்று. சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "கேட்ருக்கலாம்ல?" என்றார்.

"குளிகைய எண்ணுறதுக்கு முன்னாடி நீங்களும் கேட்ருக்கலாம்."

மன்னிப்புக் கேட்கவேண்டும்போலத்தான் இருந்தது. ஆனால் அவரை நம்பி அன்றைக்கு நான் வேலைக்குப் போயிருந்தால், இந்நேரம் அந்த ஊசி என் உடம்பில் ஏறியிருக்கும். எந்த வாயால் மன்னிப்புக் கேட்பது?

குட்டிக்கானம் ஏறும்போது குளிர் வந்தது. பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து என் தோளில் போட்டுவிட்டார். பழக்கதோஷம், ஒருமுறை மோந்து பார்த்தேன். அதைப் பார்த்த பிறகுதான் அவர் சிரித்தார்.