பூஜை போட்ட மெஷின்

யூனியன் தலைவரே, அந்தப் பெண்ணின் விரல்கள் போனதற்கு நீங்கள்தான் காரணம். அதற்குப் பிறகு அவளைத் திருடி ஆக்கியதும் நீங்கள்தான்.

நான் அவளுக்கு அடுத்த மெஷினில் நின்றவள். வில்லியனூர் பக்கம் இருக்கும் அந்த பிளாஸ்டிக் கம்பெனியில் பாட்டில் மூடி வார்ப்போம். அவளுக்கு ஊர் மடுகரை, எனக்கு அபிஷேகப்பாக்கம். இருவரும் காண்ட்ராக்ட். எங்களை வேனில் அள்ளிக்கொண்டு வரும் காண்ட்ராக்டர் உங்கள் மச்சான். இது எல்லோருக்கும் தெரியும்.

நான் சேர்ந்த புதிதில், பர்மனென்ட் ஆள் ஒருவரின் காலில் டிரம் விழுந்து கட்டைவிரல் நசுங்கியது. நீங்கள் கேட்டை இழுத்துப் பூட்டி அதன் முன்னால் உட்கார்ந்தீர்கள். முதலாளி காரை விட்டு இறங்கி நடந்து வந்து உங்களிடம் பேசினார். நானும் கைதட்டினேன். எங்களையும் யூனியனில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பிறகு கேட்டபோது என்ன சொன்னீர்கள்?

"இன்னிக்கு வருவீங்க, நாளிக்குப் பூடுவீங்க. உங்களச் சேத்து இன்னாம்மா பண்றது?"

பர்மனென்ட் ஆட்கள் ஓய்வு பெறப் பெற, அவர்கள் இடத்தில் நாங்கள்தான் நிற்கிறோம். யூனியனில் இப்போது ஆள் சொற்பம். உங்கள் மச்சானுக்கு மட்டும் இன்னொரு வேன் வந்திருக்கிறது.

ஆயுத பூஜைக்கு மெஷின்களைக் கழுவித் துடைத்தோம். சந்தனம் வைத்தோம். வாழைக்கன்றை யூனியன் தலைவர்தான் கட்ட வேண்டும், கட்டியதை மறுநாள் வரை அவிழ்க்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். அவள் மெஷினில் நீங்கள் கதவோடு சேர்த்துக் கட்டிவிட்டீர்கள்.

"இன்னாடி, எம் மெஷினுக்குக் கல்யாணமா?" என்றாள்.

"ஆமா. மாப்ள நம்ம சூப்பர்வைசரு."

"அய்யே, அதுக்கு அது கன்னியாவே இருந்துட்டுப் போவட்டும்."

பொரி வாங்கிக்கொண்டு பர்மனென்ட் ஆட்கள் கிளம்பினார்கள். பூஜை போட்ட பிறகு வேலை இல்லை என்று நீங்கள் போட்ட ஒப்பந்தம் அவர்களுக்கு மட்டும்தான். லாரி காத்திருக்கிறது என்று சூப்பர்வைசர் எங்களை நிறுத்தினார். அந்த மெஷின் கதவை மூடினால்தான் ஓடும். கையைக் காப்பாற்றத்தான் அந்தக் கதவே. வாழைக்கன்று இருந்ததால் கதவு மூடவில்லை. அவர் உங்களைக் கேட்டார். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னீர்கள்.

"கட்டுனத அவுக்காதப்பா, ஆவாது. கதவு சுவிச்சுல டேப்பு ஒட்டி ஓட்டிக்க. காண்ட்ராக்ட் பொம்பளைங்கதான, பாத்து செய்வாளுங்க."

டேப் ஒட்டினார்கள். கதவு மூடியிருப்பதாக மெஷின் நினைத்துக்கொண்டது. சிக்கிய மூடி ஒன்றை எடுக்க அவள் கையை உள்ளே விட்டாள். எப்போதும் அப்படித்தான் எடுப்போம். கதவு திறந்திருந்தால் அச்சு நின்றுவிடும் என்பது எங்கள் கைக்குப் பழகிய விஷயம். அன்று அச்சு மூடிக்கொண்டது.

அவளை வேனில் ஏற்றிவிட்டு, மெஷினைத் துடைக்கச் சொன்னார்கள். ரத்தத்தோடு சந்தனமும் போயிற்று. உங்கள் வாழைக்கன்று அப்படியே நின்றது. இன்னொரு பெண்ணை அங்கே நிறுத்தி மீதியை ஓட்டினார்கள். டேப்பைப் பிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "கையே பூடுச்சா, வெரலு மட்டுமாடி?"

"வெரலு மட்டும்தான்" என்றேன்.

"அப்ப மாவு கரச்சிக்கலாம்" என்றாள்.

விசாரிக்க அதிகாரி வந்தபோது நீங்களே முன்னால் போய் நின்றீர்கள். "பூஜை போட்டு மெஷின நிறுத்திட்டோம் சார். வூட்டுக்கு எடுத்துட்டுப் போவலாம்னு வாழக்கன்ன அவுக்கப் போயிருக்கறா, கையி மாட்டிக்கிச்சி. அவ நம்ம மெம்பரும் கெடையாது."

நிறுத்திய மெஷின் எப்படி விரலை நசுக்கும் என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லப் போனேன். மறுநாளிலிருந்து வேன் எங்கள் ஊரில் நிற்பதில்லை.

வேலை நேரத்தில் நடந்ததில்லை என்று எழுதிவிட்டதால் அவளுக்கு இழப்பீடு கிடையாது. வலது கை சோற்றைப் பிசையாது. மடுகரையில் அவள் தண்ணீர் பிடிக்கப் போனால், "வாழக்கன்னு வருது" என்று சிரிக்கிறார்கள். அவள் மகள் காதிலும் அது விழுகிறது.

மே தினத்துக்கு நீங்கள் கேட்டில் கொடி ஏற்றுவீர்கள். தொழிலாளி சிந்திய ரத்தம் என்று மைக்கில் கத்துவீர்கள். அவளை அழைத்துக்கொண்டு வந்து முன் வரிசையில் நிற்பேன். டேப் ஒட்டச் சொன்னது யார்? அவள் வேலை செய்துகொண்டிருந்தாளா, திருடிக்கொண்டிருந்தாளா? அந்த மைக்கிலேயே, அவள் முகத்தைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்.