நாலு திருப்பு, ஐந்து தேவ இரகசியம்

"முழங்காலுக்குக் கீழே எடுத்துடலாம்" என்றார்கள் ஆஸ்பத்திரியில். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு என் இடது காலும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது, அன்பானவர்களே.

நான் கடத்தூர்க்காரன். ஓரிடத்தில் உட்காராத பிறவி. விதைக் கம்பெனி வேலையாக பைக்கில் ஊர் ஊராகச் சுற்றுவதே பிழைப்பு. ஓர் ஆடி மாதம், காரிமங்கலம் சந்தை நாளில், மினி லாரி ஒன்று என்னை அடித்துப் போட்டுவிட்டுப் போனது. எலும்பு வெளியே வந்துவிட்டது. இரண்டு ஆபரேஷன் செய்தும் சீழ் நிற்கவில்லை. ஏழு மாதம் படுக்கை. "மாதாவே, காலை விடு, இல்லையென்றால் என்னை எடு" என்று கத்தினேன். அது செபமா, சண்டையா, இன்றும் தெரியாது.

என் மனைவி அமலா சண்டை போடவில்லை. செபமாலையும் எக்ஸ்ரே உறையுமாக என்னை தருமபுரிக்கு, ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

அவர் கடலைக்காட்டு விவசாயி மகன். கோணலாகக் கூடிய காலோடு ஆயுசுக்கும் உழுத அப்பாவைப் பார்த்து வளர்ந்தவர். காலைச் சுற்றி எஃகு வளையம் மாட்டி எலும்பை வளர்க்கும் வைத்தியத்தை எங்கள் பக்கம் யாரும் பார்த்திராத காலத்தில் கற்றுவந்தார். முதல் வளையங்களை லேத் பட்டறையில் கூடவே நின்று கடைந்து வாங்கினாராம். என் புண் நாறியது. அவர் மூக்கைப் பொத்தவில்லை. குனிந்து தொட்டார்.

"காலு இருக்கட்டுங்க. எலும்பு வளரும்."

செத்த எலும்பை வெட்டி எடுத்தார். வளையம் மாட்டினார். மேலே நல்ல எலும்பை அறுத்து, நட்டைத் திருகித் திருகி மெல்லக் கீழே நகர்த்த வேண்டும். பின்னால் விழும் இடைவெளியில் புது எலும்பு முளைக்கும். நாளுக்கு நாலு முறை, முறைக்குக் கால்வாசிச் சுற்று. அதாவது நாளுக்கு மொத்தம் ஒரு மில்லிமீட்டர். சின்ன ஸ்பேனரை அமலாவிடம் கொடுத்தார். "இனிமே நீங்கதாம்மா டாக்டரு."

ஒவ்வொரு திருப்புக்கும் செபமாலையில் ஒரு பத்து மணி சொன்னோம். மூன்றாம் வாரம் கால் நெருப்பாய் எரிந்தது. விரல்கள் மரத்தன. எக்ஸ்ரே படத்தில் இடைவெளி வெறும் இருட்டாக இருந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவைம்மா திருப்புறீங்க?" என்றார் டாக்டர்.

"அஞ்சுங்க சார்."

"நான் நாலுதானே சொன்னேன்?"

"செபமாலையில பத்துப் பத்து மணியா அஞ்சு தேவ இரகசியங்க. ஒண்ணை மட்டும் சும்மா விட்டா மாதா கோவிச்சுக்க மாட்டாங்களா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "மாதாகிட்ட நான் பேசிக்கிறேம்மா. ஆனா எலும்பு உங்க வேகத்துக்கு முளைக்காது. இழுத்துட்டே போனா அந்த இடம் காலியாவே நின்னுடும், அப்புறம் காலு தங்காது." நட்டைக் கொஞ்சம் பின்னால் திருப்பினார். "பத்து நாளைக்கு யாரும் தொடக்கூடாது."

வீட்டுக்கு வந்து அமலா அழுதாள். "நானே உங்க காலைக் கெடுத்துட்டேனுங்க." அந்தப் பத்து நாள்தான் நாங்கள் உண்மையாகச் செபித்தோம். திருப்ப ஒன்றுமில்லை. கையில் வேலையில்லாமல் கேட்பது எவ்வளவு கடினம்! பேரம் பேசவில்லை. கெடு வைக்கவில்லை. ஆண்டவரே, உமது வேகத்தில் ஆகட்டும் என்றோம்.

பதினோராம் நாள் படத்தில், அந்த இருட்டுக்குள், மார்கழிப் பனி மாதிரி லேசான வெண்மை.

"முளைச்சிருக்குதுங்க" என்றார். படத்தை இன்னொரு முறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எத்தனை ஆயிரம் எலும்பு பார்த்தவர்!

மறுபடி திருப்பினோம், நாளுக்கு நாலே நாலு. வளையத்தோடு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இன்று இரண்டு காலில் நடக்கிறேன். என் அவசரமெல்லாம் எங்கோ கழன்றுவிட்டது. சனிக்கிழமைகளில் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, புதிதாக வளையம் மாட்டியவர்களுக்குப் பக்கத்தில் உட்காரவைக்கிறார். போன வாரம் கம்பைநல்லூர்ப் பெண் ஒருத்தி, "நெசமாவே வளருமாண்ணா?" என்று கேட்டாள். வேட்டியை ஒதுக்கி முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைக் காட்டினேன். அழுத்திப் பார்த்தாள். "கெட்டியாத்தான் கீது" என்றாள்.

எது முறிந்து கிடந்தாலும் ஆண்டவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள், அன்பானவர்களே. நம்பிக்கை வரவில்லையென்றால் கூச்சப்பட வேண்டாம். கடத்தூருக்கு வாருங்கள். நீங்களும் தொட்டுப் பாருங்கள்.