நாலாவது டிக்

என் வீட்டுக்காரரைப் பட்டறையில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'சாக்பீஸ்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். காதில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு. அதோடேயே வந்து படுத்துவிடுவார், தலையணை உறையெல்லாம் வெள்ளை. துவைத்துத் துவைத்து என் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

லாரிக் கம்பெனி ஒன்றின் பட்டறையில் பிரேக் மெக்கானிக் அவர். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று லாரிக்கு நான்கு இடத்தில் பிரேக். ஒவ்வொன்றாகக் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, பூட்டி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதன் மேல் சாக்பீஸால் ஒரு டிக் போடுவார். நான்கு டிக் விழுந்தால் ஃபோர்மேன் கையெழுத்துப் போடுவார். கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் நான்கையும் போனில் படம் எடுத்துக்கொண்டு லாரியை வெளியே விடுவார். அந்த டிக்குக்கு அவ்வளவு மரியாதை.

மனுஷர் சரியான தொடைநடுங்கி. பல்லியைப் பார்த்தால் கட்டில் மேல் ஏறுவார். அவ்வளவு பெரிய லாரிக்கு அடியில் மட்டும் மல்லாந்து படுத்துப் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்வார். கேட்டால், "லாரி சொன்ன பேச்சு கேக்கும்டி, பல்லி கேக்காது" என்பார். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பெல்லாம் நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தக் கம்பெனி லாரி ஒன்று, சிமென்ட் மூட்டையோடு இறக்கத்தில் வரும்போது திருப்பத்தில் நடைபாதை மேல் ஏறிவிட்டது. அங்கே குடை நட்டு, தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு அக்காவுக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. "பிரேக் அடிச்சேன், ஒரு பக்கமா இழுத்துடுச்சு" என்று டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானே, "தூங்கி வழிஞ்சிருப்பான், கட்டையில போறவன்" என்று திட்டினேன். பக்கத்தில் இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனார். வயிற்றுப்புண் என்று நினைத்து வாரம் தவறாமல் மருந்து வாங்கி வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த அக்கா நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். எங்கள் பிரேக்கில் குறையே இல்லை, அந்த அக்காதான் மெஷினை நடைபாதையைத் தாண்டி ரோட்டில் போட்டிருந்தார் என்று கம்பெனி பதில் சொன்னது. பிரேக் பார்த்த மெக்கானிக் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சம்மன் வந்தது.

கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்னங்க, சாட்சிக்குத்தானே கூப்பிடுறாங்க? நாலும் பாத்தேன்னு சொல்லிட்டு வாங்க."

"மூணுதான் பாத்தேன்."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். அந்த லாரி பட்டறைக்கு வந்த அன்று, மத்தியானச் சாப்பாடு முடித்து, கை கழுவிவிட்டு வந்திருக்கிறார். லாரி ரெண்டு மணிக்குப் போயாக வேண்டும் என்று ஃபோர்மேன் உயிரை எடுத்திருக்கிறார். தூரத்திலிருந்தே டிக்கை எண்ணிக் கத்துகிற ஆள் அவர். அவர் வாயை அடைப்பதற்காக, வேலை செய்வதற்கு முன்பே இவர் பின்சக்கரத்தில் நாலாவது டிக்கைப் போட்டுவிட்டார். குனிந்து ஜாக்கியை எடுக்கும்போது போன் அடித்திருக்கிறது.

"போன்ல யாரு?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான்தான். பாப்பாவுக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டாள், போட்டது போட்டபடி ஓடுங்கள் என்று கத்தியது நான்தான்.

"திரும்பி வந்து பாத்தா லாரி இல்ல. பக்கத்து மெக்கானிக் முடிச்சிருப்பான்னு நெனச்சேன்."

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா மாட்டிப்பேனே."

அவரை நாலு வார்த்தை திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் அவரை உள்ளே இழுத்து வாசல் கதவைத்தான் சாத்தினேன், பட்டப்பகலில்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கதவைத் தட்டினாலே இரண்டு பேரும் எழுந்து நின்றோம். கேஸ் சிலிண்டர்காரருக்குக்கூட. செவ்வாய்க்கிழமை தட்டியது கம்பெனி வக்கீல். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தன் போனில் நான்கு படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார்.

"உங்க டிக்தானே? அதிலயும் நாலாவது பாருங்க, பளிச்சுன்னு இருக்கு. 'நாலும் பாத்தேன்'னு சொல்லுங்க, போதும். வேற மாதிரி சொன்னா கம்பெனி உங்கள வச்சிருக்காது. போலீஸும் கேஸ உங்க தலையிலதான் கட்டும். பொம்பளப் பிள்ள இருக்கு, யோசிச்சுக்குங்க."

அவர் போன பிறகு நான் சொன்னேன், மறைக்க மாட்டேன்: "நாலும் பாத்தேன்னே சொல்லிடுங்க." அந்த அக்காவின் கால் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் கண்ணுக்கு முன்னால் நின்றது ஜெயில் கம்பிதான்.

விசாரணை நாளன்று கோர்ட்டு வராந்தாவில் பெஞ்சில் இடம் இருந்தது ஒரே பக்கத்தில்தான், அந்த அக்காவுக்குப் பக்கத்தில். பிளாஸ்டர் ஒட்டிய ஊன்றுகோல் இரண்டை மடியில் சாய்த்து வைத்திருந்தார். நாங்கள் யாரென்று தெரியாமல், "உக்காருங்க, நிக்காதீங்க" என்று நகர்ந்து இடம் விட்டார். கண்ணை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. இவர் கடைசி வரை உட்காரவே இல்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். அவர் கூண்டில் ஏறியதைப் பின்வரிசையிலிருந்து பார்த்தேன். நான் கும்பிடாத சாமி இல்லை. என்ன வேண்டிக்கொண்டேன் என்றுதான் எனக்கே தெரியாது.

கம்பெனி வக்கீல் படங்களைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். "இந்த நாலு டிக்கும் நீங்க போட்டதுதானே?"

"ஆமாங்க."

"அப்போ நாலு பிரேக்கும் பாத்துட்டீங்க."

இவர் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். நீதிபதி, "பதில் சொல்லுங்க" என்றார்.

"ஐயா, மொத மூணுலயும் கறுப்பா விரல் பட்டிருக்கு பாருங்க. பிரேக்கக் கழட்டிப் பூட்டின கை கிரீஸோடதான் இருக்கும். அந்தக் கையோடதான் டிக் போடுவேன். நாலாவதுல ஒரு பொட்டுக் கறுப்பு இல்ல. சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து போட்டது. அத நான் பாக்கல. எம் பொண்ணுக்குக் காய்ச்சல்னு போன் வந்துச்சு, அப்படியே விட்டுட்டு ஓடிட்டேன்."

வக்கீல் அந்தப் படத்தைச் சட்டென்று திரும்ப வாங்கிக்கொண்டார். அவர் பளிச்சென்று இருக்கிறது என்று காட்டிய அதே டிக். போச்சு, எல்லாம் போச்சு என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நீதிபதி சொல்லச் சொல்ல அத்தனையும் டைப் அடித்தார்கள். வெளியே வரும்போது ஒரு போலீஸ்காரர் எங்கள் விலாசத்தை எழுதி வாங்கினார். ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால் வரவேண்டும் என்றார்.

வராந்தாவில் அந்த அக்கா எங்களுக்காக நின்றுகொண்டிருந்தார். சாபம்தான் விடப்போகிறார் என்று நினைத்து இவரை என் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பல்லிக்கு நான் செய்வது அதுதான், பழக்க தோஷம்.

அவர் என்னைத்தான் பார்த்தார். "அன்னைக்கு உங்க பொண்ணுக்குக் காய்ச்சல் சரியாயிடுச்சா?"

"ரெண்டு நாள்ல சரியாயிடுச்சுக்கா."

"நல்லது. எனக்குத்தான் இனி ஒண்ணும் சரியாகாது."

அவர் திரும்பி, தோளில் தொங்கிய பையோடு படிக்கட்டுப் பக்கம் போனார். கீழே இறங்கப் பதினைந்து படி இருக்கும். முதல் படியில் ஊன்றுகோல் தடுமாறியது. அதற்குள் இவர் ஓடிப்போய்க் கையை நீட்டிவிட்டார். நகக் கண்ணெல்லாம் கிரீஸ் ஏறிய கை.

அந்தக் கையை அந்த அக்கா பார்த்தார். பிறகு பையைக் கழற்றி அதில் மாட்டிவிட்டு, "முன்னால போங்க" என்றார். இவர் ஒவ்வொரு படியாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் நின்று திரும்பி, அந்த ஒற்றைக் கால் சரியாக ஊன்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே போனார்.