மூச்சை இழுத்துச் சொல்லும் ஓம்

நான் இருக்கும் வடநோர்வே ஊரில் மனிதர்கள் ஆம் என்று, எங்கள் பேச்சில் 'ஓம்' என்று, சொல்வதற்கு மூச்சை உள்ளே இழுக்கிறார்கள். சொல் என்னவோ 'யா' தான். ஆனால் அது வாயைவிட்டு வெளியே வராது. சட்டென்று தொண்டைக்குள் போய்விடும். எங்கள் மட்டக்களப்பில் ஒருவர் அப்படி மூச்சை இழுத்தால் ஒன்றில் பாம்பைக் கண்டிருக்கிறார், அல்லது செத்தவீட்டுச் செய்தி கேட்டிருக்கிறார். வந்த புதிதில் ஒரு பஸ் சாரதியிடம் "இது ஆஸ்பத்திரிக்குப் போகுமா?" என்று கேட்டேன். அவர் மூச்சை இழுத்தார். நான் பயந்துபோய் இறங்கிவிட்டேன். பஸ் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனது.

அந்த மூச்சின் அர்த்தம் அப்போதும் எனக்கு விளங்கவில்லை. குழப்பம் பஸ்ஸோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. நான் ஒரு கம்பனியில் கணினி வலையமைப்புப் பார்க்கிறவள். என் மேலாளர் ஆர்னே ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, என் சான்றிதழின் காலம் முடிகிறது, பரீட்சையையும் மாற்றிவிட்டார்கள், மறுபடி எழுதவேண்டும் என்றார். "தவறினால் எனக்கு வேலை போய்விடுமா?" என்று கேட்டேன். ஆர்னே மெல்ல மூச்சை இழுத்தார். இவள் இப்படிக் கேட்டுவிட்டாளே என்று மனுசன் திடுக்கிட்டுவிட்டார் போல என்று நினைத்து, நிம்மதியாக வீட்டுக்கு வந்து மீன்குழம்பு வைத்தேன். சாப்பிடும்போது கணவரிடம் ஆர்னேயைப் போலவே மூச்சை இழுத்துக் காட்டினேன். அவர் இந்த ஊர் ஆட்களோடு என்னைவிட அதிகம் பழகுகிறவர். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது இவங்கட ஓம் கா" என்றார், எங்கள் ஊர்க் 'கா' போட்டு. பிறகு, "நீ அவரிட்ட என்ன கேட்ட?" என்றார்.

சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டார். என் விசா இந்த வேலையோடு கட்டியது. அவருடையதும் மகளுடையதும் என் விசாவோடு கட்டியவை. அதற்குப் பிறகு ஒருவரும் குழம்பைத் தொடவில்லை.

அன்றிலிருந்து எனக்குப் பயம்தான். பழைய பரீட்சையில் நான்கு விடை தருவார்கள், ஒன்றைத் தெரிந்தெடுத்தால் போதும். புதியது கைவேலை. உண்மையான கருவிகளை வேண்டுமென்றே பழுதாக்கிவைத்து, திருத்து என்று விட்டுவிடுவார்கள். ஒருவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். மனப்பாடம் செய்து பாஸாகி வந்த என் போன்றவளுக்கு இதைவிட வேறு என்ன தண்டனை வேண்டும்?

பழக எனக்குச் சொந்தக் கருவிகள் இருந்தன, ஆனால் மட்டக்களப்பில். படித்த காலத்தில் வாங்கிய பழைய ரவுட்டர்கள், அமிர்தகழியில் என் வீட்டில். 'என் வீடு' என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான்; கலியாணத்தோடு அம்மா அதை என் பெயரில் எழுதிவிட்டு, இப்போது தனியாக அதைக் காத்துக்கொண்டிருக்கிறா. வாவிக் காற்றின் உப்பு பிடிக்காமல் ரவுட்டர்களைப் பழைய சாரித்துண்டால் மூடிவைத்திருந்தா. நான் கேட்டதும் துணியை எடுத்து, வயரைச் செருகி, "பச்சை லைட் எரியுது மகள்" என்றா. இணையத்தின் வழியாக நான் இங்கிருந்தே அவற்றுக்குள் நுழைந்து பழகினேன்.

ஒரு சனிக்கிழமை, ரவுட்டருக்குக் காவல்விதி எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன். இன்னார் உள்ளே வரலாம், மற்ற எல்லாரையும் தடு என்று எழுதவேண்டும். எழுதினேன். உடனே சேமித்தேன். அவ்வளவுதான், திரை அப்படியே உறைந்துவிட்டது. வரலாம் என்றவர்களில் என்னைச் சேர்க்க மறந்திருக்கிறேன்! என் வீட்டுக்குள் நானே போகமுடியாதபடி பூட்டிவிட்டேன்.

சேமிக்காமல் இருந்திருந்தால் கருவியை நிறுத்திப் போட்டாலே விதி மறைந்திருக்கும். ஆனால் நான் வந்தாறுமூலை கம்பஸில் கணினி படித்தவள். எந்த நேரம் கரண்ட் போகும் என்று ஒருவருக்கும் தெரியாது. அரைநாள் வேலை ஒரு நொடியில் இல்லாமல் போய், இருட்டுக்குள் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். ஒரு வரி எழுது, சேமி. இன்னொரு வரி எழுது, சேமி. அது விரலில் ஊறிவிட்டது. அங்கே என்னைக் காப்பாற்றிய பழக்கம் இங்கே என்னைக் கொல்லப் பார்த்தது. பரீட்சையில் இப்படிச் செய்தால் யார் வந்து திறப்பார்?

வீட்டில் திறக்க அம்மா இருந்தா. போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"வயரைக் கழட்டுங்கம்மா. பின்னுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கு. அதுக்குள்ள சாரிக்குக் குத்துற பின்னை விட்டு அமத்திப் பிடிச்சுக்கொண்டு வயரைத் திருப்பிப் போடுங்க."

"கரண்ட் அடிக்காதா கா?"

"அடிக்காதும்மா."

"மறுகா என்ன ஆகும், நீ இதுக்குள்ள செஞ்சதெல்லாம்?"

"அழிஞ்சுபோகும். அழியட்டும்."

"அழியட்டும் எண்டெல்லாம் வாயால சொல்ல ஒண்ணா மகள்" என்று அதட்டிவிட்டு, மாமாங்கேஸ்வரரைக் கூப்பிட்டபடி அம்மா பின்னை அமத்தினா. எல்லாம் அழிந்தது. கதவு திறந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு பாடம்தான்: எழுது, சோதித்துப் பார், கடைசியில் சேமி. சேமிக்கத் துடிக்கும் விரலை மடக்கித் தொடையில் வைத்துக்கொண்டே பழகினேன்.

பரீட்சையில் அதே காவல்விதி வந்தது. விதியைப் போடுமுன், கொஞ்ச நேரத்தில் தானே நின்று எழும்பும்படி ரவுட்டருக்குச் சொல்லிவைத்தேன். விதியைப் போட்டேன். திரை உறைந்தது. மறுபடியும் நான் வெளியே! பின்னால் நின்றவர் மூச்சை இழுத்தாரா இல்லையா என்று திரும்பிப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. விரலை மடக்கிக்கொண்டு இருந்தேன். சேமிக்காத விதியை மறந்துவிட்டு ரவுட்டர் எழும்பி வந்தது. இம்முறை என்னைச் சேர்த்து எழுதினேன், சோதித்தேன், பிறகுதான் சேமித்தேன்.

முடிவு வந்த அன்று அம்மாவுக்குப் போன் எடுத்தேன். நேற்றுத் தொடக்கம் அவ சாப்பிடவில்லையாம்.

"என்ன மகள், பாஸா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வெளியே வராமல், மூச்சோடு சட்டென்று உள்ளே போய்விட்டது.

"ஐயோ! போயிற்றா?" அம்மா பதறினா. "அழாத மகள். போனாப் போகட்டும். மூண்டு பேரும் வாங்க. உன்ட வீடு இஞ்ச கிடக்குதுதானே? இஞ்ச ஆரு உன்னை வெளிய போ எண்டு சொல்லப்போறா?"

பாஸ்தானம்மா என்று சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் அம்மா நிறுத்திவிடுவா. இன்னும் கொஞ்சம் சொல்லட்டும் என்று, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.